ஜாவாவின் உச்சியில் ஒரு ஊர்: செம்புங்கான், டியெங் மேட்டுநிலம் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

செம்புங்கான் எங்கே இருக்கிறது?

இந்தோனேசியாவின் ஜாவா தீவில், மத்திய ஜாவா மாகாணத்தில், வொனொசோபோ மாவட்டத்தின் கெஜாஜர் வட்டத்தில் இருக்கும் மலைக்கிராமம் இது. டியெங் மேட்டுநிலத்தின் ஓரத்தில், மூன்று பக்கமும் மேடு சூழ்ந்த ஒரு பள்ளத்தில், தெலாகா செபோங் என்ற சின்ன ஏரியை ஒட்டி வீடுகள் நெருக்கமாக நிற்கின்றன. சில நூறு குடும்பங்கள்தான். ஏரி, பள்ளிவாசல், தகரக் கூரைகள், அவற்றுக்குப் பின்னால் குன்றின் உச்சிவரை ஏறும் உருளைக்கிழங்குப் பாத்திகள். முதல் பார்வைக்குத் தெரிவது இவ்வளவுதான்.

சுற்றுலா விளம்பரங்களில் இந்த ஊருக்குப் பெயர் உண்டு. ஆனால் அந்த விளம்பரங்கள் சூரிய உதயத்தோடு நின்றுவிடும். ஊர் எதைத் தின்கிறது, எதில் சம்பாதிக்கிறது, அந்த மண் இன்னும் எவ்வளவு காலம் தாங்கும் என்பதெல்லாம் அதிகம் எழுதப்படவில்லை. இந்தப் பக்கம் அதற்காகத்தான்.

ஜாவாவிலேயே உயரமான கிராமம் என்கிறார்களே, உண்மையா?

ஊர் நுழைவிலேயே அப்படித்தான் எழுதி வைத்திருக்கிறார்கள். ஊர்க்காரர்களும் பெருமையாகச் சொல்கிறார்கள். ஆனால் எத்தனை மீட்டர் என்று கேட்டால் ஒவ்வொரு இடத்திலும் ஒரு எண் கிடைக்கும். அதிகம் புழங்குவது 2,306 மீட்டர். வேடிக்கை என்னவென்றால், ஊருக்கு மேலே நிற்கும் சிகுனிர் குன்றின் உயரம் 2,263 மீட்டர் என்றும் பரவலாக எழுதுகிறார்கள். குன்று ஊரைவிடத் தாழ்வாக இருக்க முடியாது! இரண்டு எண்களும் ஒரே பத்தியில் வருவதைக்கூடப் பார்க்கலாம், யாரும் கவனிப்பதில்லை. ஒரு கிராமத்தைப் பற்றி ஒருவர் எழுதியதையே மற்றவர்கள் திரும்பத் திரும்ப எழுதினால் இப்படித்தான் ஆகும்.

2,100 மீட்டருக்கும் மேல் என்று வைத்துக்கொள்ளுங்கள், அது போதும். கிழக்கு ஜாவாவின் தெங்கர் மலையில் இருக்கும் ஙாதாஸ், ரானு பானி ஊர்களும் ஏறக்குறைய இதே உயரத்தில் இருப்பவைதான். நமக்குப் புரியும்படி சொன்னால் ஊட்டியின் உயரம். ஊட்டி மாதிரியே உருளைக்கிழங்கு, முட்டைக்கோஸ், கேரட்.

எப்படிப் போவது?

விமானத்தில் யோக்யகர்த்தாவிலோ செமராங்கிலோ இறங்கி, அங்கிருந்து சாலை வழியாக வொனொசோபோ நகரம். இதற்கே மூன்று நான்கு மணி நேரம் ஆகிவிடும். நகரத்திலிருந்து டியெங்கிற்கு 26 கிலோமீட்டர் மலைப்பாதை. மினி பஸ்கள் ஓடுகின்றன. உருளைக்கிழங்கு மூட்டை, முட்டைக்கோஸ் கூடை, பள்ளிப் பிள்ளைகள் எல்லாம் அதே பஸ்ஸில்தான். டியெங் முச்சந்தியில் இறங்கினால் செம்புங்கானுக்கு இன்னும் சுமார் 8 கிலோமீட்டர். இந்தத் தூரத்துக்கு ஓஜெக் எனப்படும் வாடகை மோட்டார் சைக்கிள்தான் வசதி.

வொனொசோபோவின் காருங் பக்கத்திலிருந்து சிகரிம் அருவி வழியாக இன்னொரு சாலையும் ஊருக்கு ஏறுகிறது. மிகச் செங்குத்தானது, பிரேக் பிடிக்காமல் விபத்துகள் நடந்திருக்கின்றன. அந்த வழியில் பழக்கமில்லாதவர்கள் வண்டி ஓட்ட வேண்டாம்.

குளிர் எவ்வளவு இருக்கும்?

வெப்ப மண்டலத் தீவுதானே என்று பருத்திச் சட்டையோடு போனால் அவதிப்படுவீர்கள். சாதாரண இரவிலேயே 10 டிகிரிக்கு வந்துவிடும். ஜூன் முதல் செப்டம்பர் வரையான வறண்ட மாதங்களில் சில விடியல்களில் பூஜ்யத்துக்கும் கீழே போகிறது. அப்போது புல், உருளைச்செடி, டியெங்கின் பழைய கோவில் முற்றம் எல்லாம் வெள்ளையாக உறைந்து கிடக்கும். உறைபனியைப் படமெடுக்க நகரங்களிலிருந்து கூட்டம் கூட்டமாக வருகிறார்கள்.

விவசாயிக்கு அது எம்புன் உபாஸ், அதாவது விஷப்பனி. ஒரே இரவில் இலை கருகிச் செடி சாய்ந்துவிடும். குளிர்ந்த காற்று கனமாக இருப்பதால் இறங்கிச் சமதளத்தில் தேங்கும். அதனால் சரிவில் இருக்கும் வயலைவிட டியெங்கின் தட்டையான பள்ளத்தில் இருக்கும் வயல்களுக்குத்தான் அடி அதிகம். பனி விழும் என்று தெரிந்தால் வலை போர்த்துகிறார்கள், விடியுமுன் தண்ணீர் தெளித்துப் பனியைக் கரைத்துப் பார்க்கிறார்கள். காப்பாற்ற முடிவது கொஞ்சம்தான்.

வீடுகள் எப்படி இருக்கும்?

பழைய வீடுகள் மரப்பலகைச் சுவர், தகரக் கூரை. புதியவை சிமென்ட், டைல்ஸ். இரண்டிலும் உயிருள்ள இடம் அடுக்களைதான். ஆங்லோ என்னும் மண் அடுப்பில் கரி கனன்றுகொண்டிருக்கும். அதைச் சுற்றிச் சின்னஞ்சிறு முக்காலிகள். கூடத்தில் சோபா இருந்தாலும் விருந்தாளியை அடுப்பங்கரைக்கே கூட்டிப்போவது இந்த மலையின் வழக்கம். அதை மரியாதைக் குறைவு என்று நினைத்துவிடாதீர்கள், நெருக்கத்தின் அடையாளம் அது. வெந்த உருளைக்கிழங்கும் இனிப்பான தேநீரும் வரும். ஆண்கள் சாரத்தைத் தோளில் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். பேச்சு விலை, மழை, உரம் என்று போகும்.

மக்கள் யார்? என்ன மொழி? எப்படிக் கூப்பிடுவது?

ஜாவானியர்கள், அநேகமாக எல்லோரும் முஸ்லிம்கள். வீட்டு மொழி ஜாவானியம், பள்ளிக்கூடத்திலும் அலுவலகத்திலும் இந்தோனேசிய மொழி. ஜாவானியத்தில் யாரிடம் பேசுகிறோம் என்பதைப் பொறுத்துச் சொற்களே மாறும். தோழனிடம் பேசுவது ஙொக்கோ, பெரியவர்களிடம் பேசுவது க்ரமா. வெளியூர்க்காரர் இரண்டையும் கற்க வேண்டியதில்லை. வயதில் மூத்த ஆணை ‘பா’ என்றும் பெண்ணை ‘பு’ என்றும், இளையவர்களை ‘மாஸ்’, ‘ம்பா’ என்றும், தாத்தா பாட்டி வயதினரை ‘ம்பஹ்’ என்றும் கூப்பிட்டால் போதும். உட்கார்ந்திருக்கும் ஆட்களைக் கடந்து போகும்போது சற்றே குனிந்து ‘நுவுன் செவு’ என்று சொல்லுங்கள். முகம் மலர்ந்துவிடும்.

நாள்காட்டியிலும் ஜாவானிய வழி ஒன்று உண்டு. ஏழு நாள் வாரத்தோடு கூடவே லெகி, பாஹிங், போன், வாகே, க்லிவோன் என்ற ஐந்து நாள் சுற்றும் ஓடுகிறது. இரண்டும் சேர்ந்து வரும் பிறந்தநாள் வெதோன். கல்யாணம், வீடு கட்டுதல், சடங்கு என்று எதற்கு நாள் குறித்தாலும் இந்தக் கணக்கைப் பார்ப்பவர்கள் இன்றும் நிறைய.

ஊர் நிர்வாகம் எப்படி நடக்கிறது?

தேசா என்பது கிராமம். அதன் தலைவரை மக்களே வாக்களித்துத் தேர்ந்தெடுக்கிறார்கள். ஆறு ஆண்டுகளாக இருந்த பதவிக்காலத்தை 2024இல் சட்டத்தைத் திருத்தி எட்டு ஆண்டுகளாக்கினார்கள். 2014ஆம் ஆண்டின் கிராமச் சட்டத்துக்குப் பிறகு, 2015 முதல் மத்திய அரசின் நிதி நேராகக் கிராமத்துக்கே வருகிறது. ஜாவாவின் மூலைமுடுக்குகளில் எல்லாம் சிமென்ட் பாதை, சாக்கடை, சிறு பாலம் என்று வந்ததில் இந்தப் பணத்துக்குப் பெரிய பங்கு. ஜாவாவுக்கே உரிய பழைய ஏற்பாடு ஒன்றும் பல ஊர்களில் தொடர்கிறது. கிராம அதிகாரிகளுக்குப் பயிரிட நிலம் தருவது அது. அந்த நிலத்துக்கு பெங்கோக் என்று பெயர்.

மக்கள் எதை நம்பிப் பிழைக்கிறார்கள்?

உருளைக்கிழங்கை. சுற்றுலா வந்தது அதற்கப்புறம்தான்.

முன்பு இந்தப் பக்கமெல்லாம் சோளமும் புகையிலையும்தான். வொனொசோபோ மலைப் புகையிலையை வெயிலில் காயவைக்காமல் நெருப்பின் மேல் வாட்டிப் பதப்படுத்துவார்கள், அந்தத் தொழில் இன்னும் கொஞ்சம் இருக்கிறது. 1980களில் க்ரனோலா என்ற ஜெர்மானிய உருளை ரகம் பரவியதும் எல்லாம் தலைகீழாக மாறியது. மூன்று நான்கு மாதத்தில் அறுவடை, வருஷத்துக்கு இரண்டு போகம், சில வயல்களில் மூன்று. நல்ல விலை கிடைத்த ஆண்டுகளில் மரவீடு சிமென்ட் வீடானது, மோட்டார் சைக்கிள் வந்தது, மக்கா பயணம் போனவர்கள் பெருகினார்கள். அரை ஏக்கர் வைத்திருந்தவர்கூடத் தலை நிமிர்ந்து நடக்க முடிந்தது. அதை இந்த மக்கள் மறக்கவில்லை. வெளியிலிருந்து போய் “உருளைக்கிழங்கு போடாதீர்கள்” என்று உபதேசிப்பவர்களுக்கு அதனால்தான் அங்கே மதிப்பில்லை.

சரி, அந்த உருளைக்கிழங்கில் என்ன சிக்கல்?

இந்தப் பகுதியின் முழுக் கதையும் இந்த ஒரு கேள்வியில்தான் இருக்கிறது. கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

செம்புங்கானைச் சுற்றி எந்தச் சரிவைப் பார்த்தாலும் பாத்திகள் மேலிருந்து கீழாக, தலை வகிட்டைப் போல, நேராக இறங்குவதைக் காண்பீர்கள். மலையில் விவசாயம் செய்தால் வரப்பைக் குறுக்காகப் போட வேண்டும், அப்போதுதான் மண் நிற்கும். இது அந்த விவசாயிகளுக்குத் தெரியாததல்ல. ஆனால் குறுக்காகப் போட்டால் வேரடியில் தண்ணீர் தேங்கும். தேங்கினால் கிழங்கு அழுகும். பெருமழை பெய்யும் ஊரில் அந்தத் துணிச்சல் யாருக்கும் வராது. அதனால் தண்ணீர் ஓடிப்போகட்டும் என்று பாத்தியை நேராக இறக்குகிறார்கள். தண்ணீரோடு மேல்மண்ணும் ஓடிப்போகிறது.

மேல்மண் போன நிலத்தில் சத்து இருக்காது. அதற்காகச் சமவெளியின் பண்ணைகளிலிருந்து கோழி எரு லாரி லாரியாக மலையேறுகிறது. சாலையோரம் மூட்டைகள் ஆள் உயரத்துக்கு அடுக்கிக் கிடக்கும், நாற்றம் தாங்காது. வயலில் அதைக் கொட்டி, மேலே ஒரு பக்கம் கறுப்பும் மறுபக்கம் வெள்ளியுமான பிளாஸ்டிக் விரிப்பைப் போர்த்தி, வட்ட ஓட்டை போட்டு விதைக்கிழங்கை நடுகிறார்கள். ஈரம் மிகுந்த குளிரில் இலைக்கருகல் நோய் விடாமல் வருவதால் பூசணக்கொல்லி அடிப்பதும் ஓய்வதில்லை. செலவு ஏறிக்கொண்டே போகிறது, விளைச்சல் ஏறுவதில்லை.

போதாததற்கு நூற்புழு. உருளைக்கிழங்கு வேரில் முத்து முத்தாக ஒட்டிக்கொள்ளும் பொன்னிற நூற்புழு 2003இல் கிழக்கு ஜாவாவில் கண்டுபிடிக்கப்பட்டது. பிறகு டியெங்கிலும் தென்பட்டது. நீலகிரி உருளை விவசாயிகளுக்கு 1961 முதல் தலைவலியாக இருக்கும் அதே புழு. ஒருமுறை மண்ணில் குடியேறினால் வருஷக்கணக்கில் போகாது. பயிரை மாற்றி மாற்றிப் போடுவதே வழி, ஆனால் வேறு எந்தப் பயிரும் உருளை அளவு காசு தருவதில்லை.

இப்படிக் கரையும் மண் எங்கே போகிறது? செராயு ஆற்றுக்கு. டியெங்கில் தூக் பீமா லூகார் என்ற ஊற்றில் பிறந்து, தென்மேற்கே ஓடி, சிலாசாப் பக்கம் இந்தியப் பெருங்கடலில் கலக்கும் ஆறு அது. வழியில் பக்கத்து மாவட்டமான பஞ்சார்நெகாராவில், 1980களின் இறுதியில் கட்டி முடிக்கப்பட்ட ம்ரிச்சா நீர்த்தேக்கம் இருக்கிறது. மின்சாரத்துக்கும் பாசனத்துக்கும் கட்டிய அந்தத் தேக்கத்தில் வண்டல் ஏறி, தண்ணீர் நிற்கும் இடம் வெகுவாகச் சுருங்கிவிட்டது. ஊருக்குள்ளேயே தெலாகா செபோங்கிலும் இதே கதைதான். சரிவிலிருந்து வரும் மண் ஏரியின் ஓரங்களை நிரப்புகிறது, வறண்ட மாதங்களில் விவசாயிகள் அதே ஏரியிலிருந்து பம்ப் வைத்து வயலுக்கு நீர் இறைக்கிறார்கள்.

மாற்று வழி எதுவும் முயலவில்லையா?

முயல்கிறார்கள். பாத்தி ஓரங்களில் காரிக்கா மரம், மரத்தக்காளி, மேல்சரிவுகளில் காப்பி என்று நடுகிறார்கள். ஆண்டுதோறும் மழைக்கு முன்பு மரநடுகை நடக்கும். காப்பி காய்க்க மூன்று நான்கு வருஷம் ஆகும், உருளைக்கு நூறு நாள் போதும். கடன் வாங்கி விதைத்தவர் எதைத் தேர்ந்தெடுப்பார்? நிலத்தின் ஒரு பகுதியையாவது மரத்துக்கு விட்டால், அந்தக் காத்திருக்கும் ஆண்டுகளுக்கு யாராவது ஈடு தர வேண்டும். ம்ரிச்சா தேக்கத்தின் மின்சாரத்தை அனுபவிக்கும் கீழ்நாடு அந்தச் செலவில் பங்கெடுப்பதுதான் நியாயம் என்று நினைக்கிறேன்.

காரிக்கா என்றால் என்ன?

தென்னமெரிக்காவின் ஆண்டிஸ் மலையிலிருந்து டச்சுக்காரர் காலத்தில் வந்த மலைப்பப்பாளி. கை அளவுதான் இருக்கும், முகர்ந்தால் வாசனை தூக்கும். பச்சையாகத் தின்ன முடியாது, பால் நாக்கை அரிக்கும். தோல் சீவிப் பாலைக் கழுவி, துண்டு போட்டுச் சர்க்கரைப் பாகில் வேகவைக்கிறார்கள். நடுவில் விதையைச் சுற்றி ஒரு சாறு நிறைந்த சதை இருக்கிறது. வாசனையெல்லாம் அதில்தான். அதை வடிகட்டிப் பாகில் சேர்த்தால்தான் காரிக்கா. இந்த வேலையில் பெரும்பாலும் பெண்கள். வொனொசோபோ கடைகளில் கண்ணாடிப் புட்டியிலும் பிளாஸ்டிக் கோப்பையிலும் அடுக்கிவைத்திருப்பார்கள்.

புர்வாசெங் என்றொரு மூலிகையும் உண்டு. ஆண்மைக்கு நல்லது என்று காப்பியிலும் பாலிலும் கலந்து விற்கிறார்கள். காட்டிலிருந்து வேரோடு பிடுங்கிப் பிடுங்கி இயற்கையில் அரிதாகிவிட்டது.

சாப்பாடு? சைவம் கிடைக்குமா?

வொனொசோபோவின் பெயர்பெற்ற உணவு மீ ஒங்லோக். நூடுல்ஸையும் கோஸையும் சீனப்பூண்டுத் தழையையும் சிறு மூங்கில் கூடையில் போட்டுக் கொதிநீரில் முக்கி முக்கி எடுத்து, கெட்டியான மாவுக் குழம்பை மேலே ஊற்றித் தருவார்கள். அந்தக் குளிருக்கு இதமான உணவு. ஆனால் குழம்பில் உலர்ந்த இறால் இருக்கும், சைவர்கள் கேட்டுக்கொள்வது நல்லது. தெம்பே கெமுல் பயமில்லாமல் சாப்பிடலாம். நொதிக்கவைத்த சோயாவை மெல்லிய வில்லையாக வெட்டி, மஞ்சள் போட்ட மாவில் தோய்த்துப் பொரிப்பது. காரம் வேண்டுமென்றால் ‘சாபே கெண்டோத்’ கேளுங்கள். குடமிளகாய்க் குட்டி போலக் குண்டாக, கறுப்பு விதையோடு இருக்கும் மலை மிளகாய். பார்த்துத் தின்னுங்கள்.

ஜடைப் பிள்ளைகளைப் பற்றிச் சொல்லுங்கள்.

டியெங் வட்டாரத்தில் சில குழந்தைகளுக்கு ஒன்றிரண்டு வயதில் கடும் காய்ச்சல் வந்து, அதன் பின் தலைமுடி தானாகத் திரிந்து ஜடையாகிறது. ரம்புத் கிம்பால் என்கிறார்கள். வொனொசோபோவை நிறுவியவர்களில் ஒருவராகச் சொல்லப்படும் கியாய் கொலோடெதேயின் ஆவி அந்தப் பிள்ளையைத் தேர்ந்தெடுத்திருக்கிறது என்பது நம்பிக்கை. ஏன் இப்படி ஆகிறது என்பதற்கு மருத்துவத்தில் உறுதியான விடை இல்லை.

ஜடையை இஷ்டத்துக்கு வெட்டக்கூடாது. “வெட்டுங்கள்” என்று பிள்ளையே ஒருநாள் சொல்ல வேண்டும். சொல்லும்போது கூடவே ஒரு ஆசையையும் கேட்கும். ஆட்டுக்குட்டி, சைக்கிள், ஒரு குறிப்பிட்ட தின்பண்டம் என்று எதுவாகவும் இருக்கலாம். அதை அப்படியே வாங்கித் தர வேண்டும், இல்லாவிட்டால் வெட்டினாலும் மறுபடி காய்ச்சல் வந்து ஜடை முளைக்கும் என்பார்கள். வெதோன் பார்த்து நாள் குறித்து, ஊர்வலம் போய், புனித ஊற்று நீரில் தலையை நனைத்து, கூம்பாக அடுக்கிய சோற்றுக்கு முன்னால் உட்காரவைத்து ஒவ்வொரு ஜடையாக வெட்டுகிறார்கள். வெட்டிய முடியைத் துணியில் சுற்றி ஏரியிலோ ஆற்றிலோ விட்டுவிடுவார்கள்.

2010 முதல் டியெங் பண்பாட்டு விழாவில், பெரும்பாலும் ஆகஸ்டில், இது பெருங்கூட்டத்துக்கு நடுவே டியெங்கின் அர்ஜுனா கோவில் முற்றத்தில் நடக்கிறது. வசதி குறைந்த குடும்பத்துக்கு விழாவில் சேர்ந்தால் செலவு மிச்சம். அது நல்லதுதான். ஆனால் ஐந்தாறு வயதுப் பிள்ளையின் முகத்துக்கு நேரே நூறு கேமராவை நீட்டுவது எனக்குப் பிடிக்கவில்லை. போகிறவர்கள் தள்ளி நின்று பாருங்கள்.

டியெங் கோவில்கள் சோழர்கள் கட்டியவையா?

இல்லை. தமிழ் வாசகர்கள் அதிகம் கேட்பது இதைத்தான், எனவே தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். டியெங் கோவில்கள் 7 முதல் 9ஆம் நூற்றாண்டுக்குள் எழுந்த சிவன் கோவில்கள், ஜாவானியர்களே கட்டியவை. அங்கே கிடைத்த ஒரு கல்வெட்டின் ஆண்டு பொ.ஆ. 809. அப்போது பிற்காலச் சோழர் எழுச்சி தொடங்கவே இல்லை. ராஜேந்திரனின் 1025ஆம் ஆண்டுப் படையெடுப்பும் ஸ்ரீவிஜயத்தின் மேல் நடந்தது, அதன் தலைமையிடம் சுமத்ரா.

தென்னாட்டுத் தொடர்பு வேறு விதத்தில் உண்டு. ஜாவாவின் பழைய காவி எழுத்து பல்லவர் எழுத்திலிருந்து வளர்ந்தது. அர்ஜுனா கோவிலின் சதுரக் கருவறையும் தளம் தளமாகக் குறுகும் மேற்பகுதியும் நம் விமானங்களை நினைவுபடுத்தும். சற்றுத் தள்ளி நிற்கும் பீமா கோவிலோ வடநாட்டுச் சிகரத்தின் சாயல் கொண்டது. அதன் மேற்தளங்களில் வரிசையாகக் கூடுகள், ஒவ்வொரு கூட்டுக்குள்ளும் ஒரு மனிதத் தலை எட்டிப் பார்க்கும். ஜாவாவில் வேறெங்கும் இப்படி ஒரு கோவில் கிடையாது. ஸ்ரீகண்டி கோவில் சுவரில் பிரம்மா, விஷ்ணு, சிவன் மூவரையும் செதுக்கியிருக்கிறார்கள்.

அர்ஜுனா, பீமா, கடோத்கஜா என்பவை அசல் பெயர்கள் அல்ல. நிழற்பாவைக் கூத்தில் பாரதக் கதை கேட்டு வளர்ந்த மக்கள் பின்னாளில் வைத்தவை. 1814இல் ஐரோப்பியர் பார்த்தபோது கோவில்கள் தேங்கிய நீருக்கு நடுவே நின்றன. நீரை வடித்த பிறகுதான் அடித்தளங்கள் வெளியே தெரிந்தன. இன்று நிற்பவை எட்டு. செம்புங்கானுக்குள் கோவில் இல்லை. பார்க்க டியெங் வர வேண்டும்.

எரிமலைப் பகுதியாமே, ஆபத்து இல்லையா?

இருக்கிறது, மறைக்க வேண்டியதில்லை. டியெங் ஒற்றைக் கூம்பு எரிமலை அல்ல, பல வாய்களும் வெந்நீர்க் குழிகளும் பரந்து கிடக்கும் மேட்டுநிலம். தீக்குழம்பைவிட இங்கே பயப்பட வேண்டியது வாயுவுக்குத்தான். 1979 பிப்ரவரி 20 அன்று விடியுமுன் சினிலா என்ற எரிமலைப் பள்ளம் வெடித்தது. பயந்துபோன கெபுச்சுக்கான் ஊர் மக்கள் இருட்டில் தப்பி ஓடினார்கள். ஓடிய பாதையில் கரியமில வாயு படர்ந்திருந்தது. 149 பேர் இறந்தார்கள். வீட்டிலேயே இருந்திருந்தால் பலர் பிழைத்திருப்பார்கள் என்பதுதான் நெஞ்சை அறுக்கிறது. அந்த வாயுவுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. காற்றைவிடக் கனமானது என்பதால் பள்ளங்களில் படுத்துக்கிடக்கும். 2011இல் திம்பாங் பள்ளத்தில் வாயு பெருகியபோது பக்கத்து ஊர்களைக் காலி செய்தார்கள். 2017 ஜூலையில் சிலேரி பள்ளம் திடீரென வெடித்துச் சுற்றுலாப் பயணிகள் காயமடைந்தார்கள்.

நிலச்சரிவு தனி. 1955 ஏப்ரலில் ஒரு மழை இரவில் மலை உச்சி பெயர்ந்து விழுந்து லெகெதாங் என்ற குக்கிராமம் முழுவதும் மண்ணுக்குள் போனது. முந்நூறுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். இன்று அங்கே ஒரு நினைவுத்தூண் மட்டும்.

இந்த இடங்கள் எல்லாம் மேற்கே, பஞ்சார்நெகாராவின் பத்தூர் பக்கம் இருப்பவை, செம்புங்கானுக்கு நேர் அருகில் இல்லை. வேலி போட்ட இடத்தைத் தாண்டாதீர்கள், எச்சரிக்கைப் பலகை இருந்தால் பள்ளத்தில் இறங்காதீர்கள்.

வழியில் தெரியும் பெரிய குழாய்கள் எதற்கு?

புவிவெப்ப மின்நிலையத்துக்கு. 2002 முதல் இங்கே 60 மெகாவாட் அளவில் மின்சாரம் எடுக்கிறார்கள். விரிவாக்கத்துக்குப் புதிய கிணறு தோண்டும் திட்டத்தை வீடுகளுக்கு மிக அருகே வருகிறது என்று சில ஊர்க்காரர்கள் எதிர்க்கிறார்கள். மேலே சொன்ன வாயுச் சாவுகளை நினைத்தால் அந்தப் பயத்தை யாரும் லேசாக எடுத்துக்கொள்ள முடியாது.

சிகுனிர் சூரிய உதயம் பார்க்க என்ன செய்ய வேண்டும்?

தெலாகா செபோங் கரையில் வண்டியை நிறுத்திவிட்டு அரை மணி நேரம் படியேற வேண்டும். விடியற்காலை நான்கு மணிக்குக் கிளம்பினால் சரியாக இருக்கும். வானம் தெளிந்திருந்தால் எதிரே சிந்தோரோ, அதன் பக்கத்தில் சும்பிங், தூரத்தில் மெர்பாபு, மெராபி என்று எரிமலைகள் வரிசையாக நிற்கும். சனி ஞாயிறும் விடுமுறை நாளும் படியில் கால் வைக்க இடமிருக்காது.

எப்போது, எத்தனை நாள் போகலாம்?

மே முதல் செப்டம்பர் வரை பாதையும் வானமும் நன்றாக இருக்கும். மழை மாதங்களில் பச்சை கொழிக்கும், ஆனால் சரிவு அபாயம் உண்டு.

பெரும்பாலானோர் நள்ளிரவில் யோக்யகர்த்தாவில் கிளம்பி, உதயம் பார்த்து, எட்டு மணிக்கெல்லாம் இறங்கிவிடுகிறார்கள். அவர்களால் ஊருக்குக் கிடைப்பது வண்டி நிறுத்தும் கட்டணமும் ஒரு கோப்பைத் தேநீர்க் காசும்தான். வார நாளில் போய் ஊருக்குள்ளேயே ஒரு வீட்டில் இரண்டு இரவு தங்குங்கள். பல வீடுகளில் அறை வாடகைக்கு விடுகிறார்கள், தங்கும் காசு அந்தக் குடும்பத்துக்கே போகும். குன்றிலிருந்து இறங்கிய பின் ஏரியைச் சுற்றி நடந்தால், ஒன்பது மணிக்கு வயலில் கிழங்கு தோண்டிக்கொண்டிருப்பார்கள். பெரியது, நடுத்தரம், விதைக்கானது என்று அங்கேயே தரம் பிரித்துச் சாக்கில் கட்டுவார்கள். அந்த மூட்டையைச் செங்குத்தான பாத்தி வழியே முதுகில் சுமந்து சாலைக்கு ஏற்றும் ஆட்களுக்கு மூட்டைக் கணக்கில் கூலி. கேட்டுவிட்டுப் படம் எடுங்கள். பேச உட்கார்ந்தால் அன்றைய விலை என்ன என்று அவர்களே சொல்வார்கள்.